அந்தரத்தில் ஒரு ஒயர்

“பிழை ஒண்ணும் இல்ல டீச்சர். எல்லா விதத்திலயும் சோதிச்சுப் பாத்துட்டேன். ஆனா எம் மக அதைத் திறக்க மாட்டேங்கா.”

தேவசகாயம் லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

ஜமீலா டீச்சர் அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“திறக்கவே இல்லையா?”

“ஒரு தடவை திறந்தா. ‘நல்லா இருக்குப்பா’ன்னா. மூடிட்டா. அதோட சரி.”

“நல்லா இருக்குன்னு சொன்னாளா?”

“சொன்னா.”

“அடப் பாவமே” என்றாள் டீச்சர்.

இங்கே யார் குரு, யார் சீடன் என்று குழம்ப வேண்டாம். தலை நரைத்தவர்தான் சீடன். மின்சாரத் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் நடைப்பயிற்சி போவார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடையின் மாடிப்படி ஏறி, புரோகிராம் எழுதப் படிக்க வந்து சேர்ந்தார்.

டீச்சருக்கு அவர் மகளைவிட நாலைந்து வயசு கூடுதல் இருந்தால் அதிகம். வெளியூர்க் கம்பெனிகளில் வேலை பார்த்து அலுத்துப்போய் ஊர் திரும்பியவள். மாடியில் ஒரு பட்டறை வைத்திருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாள் என்பது ஊரில் அவளைப் பற்றிய புகார். புகார் சொன்னவர்கள் யாரும் படிப்பை நிறுத்தியதில்லை என்பது வேறு விஷயம்.

தேவசகாயம் செய்திருந்தது ஓர் எடிட்டர். அதில் புரோகிராமை எழுத வேண்டாம், வரையலாம். திரையில் பெட்டி பெட்டியாக வரும். ஒரு பெட்டிக்கு வேலை ‘நீலம்’. ஒன்றுக்கு ‘மெல்லக் கூட்டு’. ஒன்றுக்கு ‘காத்திரு’. ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் துளைகள். ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மவுஸால் ஒயர் இழுத்துவிட்டால், அந்த வரிசையில் மேடை விளக்குகள் எரியும், அணையும். பொத்தான், சன்னல், உருட்டுப் பட்டை எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கிற விட்ஜெட் டூல்கிட் ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் கட்டியிருந்தார். ஆனால் பெட்டியையும் ஒயரையும் அவரே ஒவ்வொன்றாகச் செய்தார். வேலையில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

மகள் லிதியா மதுரையில் நாடகங்களுக்கு விளக்கு போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். “சாப்பிட்டேன்ப்பா. நல்லா இருக்கேன். மருந்து எடுத்துக்கோங்க. வச்சிடுதேன்.” அவ்வளவுதான். தந்தி அடித்திருந்தால்கூட இதைவிட நீளமாக இருந்திருக்கும்.

மகள் தன்னோடு பேச வேண்டும். அதுதான் தேவசகாயத்தின் ஆசை. அதை நேராகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, எடிட்டர் செய்ய வந்தது. அவள் அதில் வேலை செய்வாள், சந்தேகம் வரும், போன் அடிப்பாள் என்று கணக்குப் போட்டார். போன் அடிக்கவில்லை.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். ‘நீலம்’ பெட்டியின் துளையிலிருந்து ஓர் ஒயரை இழுத்தாள். பாதி வழியில் விரலை எடுத்தாள்.

ஒயர் மறைந்துவிட்டது.

மறுபடி இழுத்தாள். மறுபடி விட்டாள். மறுபடி மறைந்தது.

“எங்க போச்சு?”

“அழிச்சிரும் டீச்சர். இன்னொரு துளையில போய்ச் சேராத ஒயர் நிக்காது. அப்படித்தான் எழுதியிருக்கேன்.” சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “என் எடிட்டர்ல ஒருத்தன் நினைச்சாக்கூட அரைகுறையா ஒரு படம் போட முடியாது.”

“அப்படியா.”

“சப்-ஸ்டேஷன்ல ஒரு முனையை மாட்டாம தொங்கவிட்டா என்ன ஆகும் தெரியுமா? தொட்டவன் போயிருவான். கண்ணால பாத்தவன் நான்.”

பொய்யில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தார். செத்தவன் அவரைவிடச் சின்னப் பையன். அதற்குப் பிறகு, ஒயரைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக அவர் யாரையும் விட்டதில்லை. திட்டினார்கள், முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் அவரிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

டீச்சர் கடலைக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள்.

பிறகு திரையில் ஓர் ஒயர்மேல் விரலை வைத்தாள்.

“இதுல எத்தனை வோல்ட் ஓடுது அண்ணாச்சி?”

தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது.

“ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா டீச்சர்.”

“இருக்கு. நாளைக்கு வாங்க.”

மறுநாள் லேப்டாப்பைத் திறக்கப் போனார். டீச்சர் வேண்டாமென்று கைகாட்டினாள்.

“இதை ஏன் செஞ்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

“அது வந்து…”

“அழிஞ்சிட்டு.”

“என்னது?”

“நீங்க சொன்னது. முதல்லருந்து சொல்லுங்க.”

தேவசகாயம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

“எம் மக இருக்காள்லா, அவ அம்மா போன பொறவு…”

“அழிஞ்சிட்டு.”

“இருங்க டீச்சர். சொல்லத்தானே போறேன்.”

“முடிச்சா நிக்கும். முடிக்கலன்னா நிக்காது. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா.”

கீழே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தேவசகாயம் நாற்காலி நுனிக்கு வந்தார்.

“ஞாயித்துக்கிழம போன் வரும். எடுப்பேன். எடுத்தா அவ…”

“அழிஞ்சிட்டு.”

“நான் என்ன நினைச்சேன்னா, ஒருவேளை இதைச் செஞ்சு குடுத்தா…”

“அழிஞ்சிட்டு.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் தேவசகாயம் ஆபீஸ் பாஷைக்குப் போய்விடுவார். முதுகை நிமிர்த்தி, ஒரே மூச்சில் சொன்னார்.

“என் மகள் லிதியா நாடகங்களுக்கு விளக்கு அமைக்கிறாள். அவளுடைய வேலைக்கு உதவியாக இந்த எடிட்டரைச் செய்தேன்.”

“நின்னுட்டு” என்றாள் டீச்சர். “ஒரு குறையும் இல்ல. இதைச் சொல்லவா அண்ணாச்சி படியேறி வந்தீங்க?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. ஒரு சின்னப் பெண் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

டீச்சர் கடலைத் தோலை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வர நேரம் எடுத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது அவருக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. மனைவி கிரேஸை அடக்கம் செய்து, வந்த சொந்தமெல்லாம் ஊருக்குக் கிளம்பிப் போன நாள். சமையல்கட்டில் சீனி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. லிதியா வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா, அம்மா இல்லாம…”

அதோடு நின்றுவிட்டாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரைகுறையாக எதையும் கொண்டுவரக் கூடாது. யோசித்து, முழுசாகச் சொல்ல வேண்டும். சின்ன வயசிலிருந்தே லிதியாவுக்கு அது தெரியும்.

“என்ன? முழுசாச் சொல்லு” என்றார் தேவசகாயம், டப்பாவைத் திறந்தபடி. உள்ளே உப்பு இருந்தது.

“ஒண்ணுமில்லப்பா.”

அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் முழுசான வாக்கியங்கள்தான். சாப்பிட்டேன்ப்பா. நல்லா இருக்கேன். வச்சிடுதேன்.

தேவசகாயம் தையல் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். “துணி எடுக்க வந்தீங்களா சார்?” என்று கடைக்காரர் கேட்டார். இல்லையென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த விதியை எடுத்தார். துளையில் சேராத ஒயரை அழி என்ற விதி.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எடிட்டர் முழுவதும் அந்த விதியை நம்பித்தான் நின்றிருக்கிறது. வரைகிற பகுதி, ‘இரண்டாவது துளை எங்கே’ என்று கேட்டு விழுந்தது. சேமிக்கிற பகுதியும் அதையே கேட்டு விழுந்தது. பெட்டியை நகர்த்தினால் அதுவும் விழுந்தது. ஒன்றைத் தூக்கி நிறுத்தினால் இன்னொன்று படுத்துக்கொண்டது.

மறுபடி மாடிப்படி ஏறினார்.

“டீச்சர், ஒயரோட ஒரு முனை துளையில இருக்கு. மறுமுனைக்கு இடம் இல்ல. அது எங்க நிக்கும்?”

“அதை விட்டது யாரு?”

“அவதான். எம் மக.”

“எங்க விட்டா?”

தேவசகாயம் லேப்டாப் பையைக்கூட மறந்துவிட்டு இறங்கிப் போனார். பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அவள் விரலை எடுத்த இடம் எதுவோ, அதுதான் இடம். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். குறித்து வைத்தார். எடிட்டரை மூடித் திறந்தாலும் அந்த முனை அங்கேயே கிடக்கும்படி செய்தார்.

நாலைந்து நாள் கழித்து டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

டீச்சர் ஓர் ஒயரை இழுத்து அந்தரத்தில் விட்டாள். அது மறையவில்லை. ஆனால் சிவப்பாகி மினுக் மினுக்கென்று எரிந்தது. பக்கத்தில் ஒரு கட்டம் முளைத்தது. ‘இணைப்பு முழுமையாக இல்லை.’

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“யாரு இங்க கத்துறது?”

“எச்சரிக்கை டீச்சர். பாதியில நிக்குன்னு தெரியணும்லா.”

“பாதியில விட்டவளுக்கு அது தெரியாதா?”

கட்டத்தை எடுத்தார். மினுக்குவதையும் எடுத்தார். ஆனால் சிவப்பை முழுக்க விட மனசு வரவில்லை. பழக்கம் லேசில் போகிறதா என்ன? இளஞ்சிவப்பாக்கிக் கொண்டுவந்தார்.

“இது மெதுவாக் கத்துது” என்றாள் டீச்சர்.

அடுத்த முறை வந்தபோது, அந்தரத்தில் கிடந்த ஒயரும் மற்ற ஒயரும் ஒரே நிறத்தில் இருந்தன. டீச்சர் திரையில் விளக்குகளை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒயர் சேர்ந்திருக்கிற இடம்வரைக்கும் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அதற்கப்புறம் அப்படியே நின்றன, அடுத்து என்ன என்று யாரையும் கேட்காமல்.

டீச்சர் கடலைக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

அவள் யாருக்கும் கடலை கொடுத்து அவர் பார்த்ததில்லை. ஒன்றை எடுத்து உரித்தார்.

“கிறிஸ்துமஸுக்கு வாரா. அவட்ட என்ன சொல்லிக் குடுக்கட்டும் டீச்சர்?”

“ஏதாவது சொல்லணுமா?” என்றாள்.

லிதியா வந்தாள். வீடு துடைத்தாள், நட்சத்திரம் கட்டினாள், கோயிலுக்குப் போனாள், வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்தாள். அப்பாவிடம் கேட்டதற்கு முழுசாகப் பதில் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையில் அச்சுமுறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப் திறந்து கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்ட மாதிரி இருக்கட்டும் என்று தேவசகாயம் அதை நாலு விதமாக வைத்துப் பார்த்திருந்தார்.

“இது இன்னும் இருக்கா?” என்று உட்கார்ந்தாள் லிதியா. “அடுத்த மாசம் ஒரு நாடகம் இருக்கு. சும்மா பாக்கேன்.”

“பாரு.”

அவள் ‘மெல்லக் கூட்டு’ பெட்டியிலிருந்து ஓர் ஒயரை இழுத்தாள். எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் கை நின்றது. விட்டாள். விட்ட வேகத்தில் தோளையும் சுருக்கிக்கொண்டாள்.

ஒயர் கிடந்தது.

“போயிராதா இது?”

“போகாது. நீ விட்ட எடத்துலயே கெடக்கும்.”

“தப்பில்லையா?”

“தப்பில்ல.”

அவள் இன்னொரு ஒயரை இழுத்து விட்டாள். இன்னொன்று. திரை முழுக்க முனை சேராத ஒயர்கள். கோழி கிளறிய குப்பை மாதிரி ஆகிவிட்டது. அங்கே நின்றால் வாய் சும்மா இருக்காது என்று தேவசகாயம் சமையல்கட்டுக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவினார்.

கொஞ்ச நேரத்தில் லிதியா குளிக்கப் போனாள். திரையை அப்படியே போட்டுவிட்டுப் போனாள்.

தேவசகாயம் மேசைப் பக்கம் வந்தார். வரக் கூடாது என்றுதான் நினைத்தார். ஓர் ஒயர் ‘காத்திரு’ பெட்டிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கிடந்தது. குருடனுக்கும் தெரியும், அது அங்கேதான் சேர வேண்டும். இவர் கை மவுஸ்மேல் போய் உட்கார்ந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கையை எடுத்தார். ஓர் அச்சுமுறுக்கை எடுத்து அந்தக் கைக்கு வேலை கொடுத்தார்.

லிதியா தலையில் துண்டோடு வந்து திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அந்த ஒயரின் முனையைப் பிடித்து, ‘காத்திரு’ பெட்டியைத் தாண்டிக் கொண்டுபோய், மூலையில் தனியாக இருந்த ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினாள். ‘மஞ்சள், மங்கலாக.’

ஓட்டிப் பார்த்தாள். திரையில் மேடை முழுக்க நீலம் ஏறிக்கொண்டே வந்து, மூலையில் மட்டும் ஒரு மஞ்சள் வெளிச்சம் மெல்ல விழுந்தது.

தேவசகாயம் சத்தியமாக அதை யோசித்திருக்க மாட்டார்.

“சமையல்கட்டு” என்றாள் லிதியா. “நாடகத்துல ஒரு சமையல்கட்டு வருது.”

“ம்.”

அவள் மவுஸை விட்டாள். துண்டின் நுனியை முறுக்கினாள்.

“அப்பா…”

“ம்.”

“நான் வந்து… எனக்கு…”

நின்றுவிட்டாள்.

முழுசாச் சொல்லு என்பது தேவசகாயத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம், தானாக வரும். முறுக்கோடு சேர்த்து அதை விழுங்கினார்.

இன்னொரு முறுக்கை எடுத்து வாயில் போட்டார்.

“அப்புறமாச் சொல்லுதேனே” என்றாள் லிதியா. எழுந்துவிட்டாள்.

“கெடக்கட்டும்மா. எங்கயும் போயிராது.”

லிதியா வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஒயர்கள் விட்ட இடத்தில் கிடந்தன.

திரும்பி வந்து அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா இல்லாம…” என்று ஆரம்பித்தாள்.